மூத்த வீரரைக் கழற்றிவிட்டால் கேப் என்ன ஆகும்? என்எஃப்எல் சம்பளக் கணக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வொரு மார்ச்சிலும் என்எஃப்எல் அணிகள் பெரிய பெரிய பெயர்களைக் கழற்றிவிடும். கூடவே "டெட் மணி இத்தனை கோடி" என்று ஒரு தொகையும் செய்தியில் வரும். பாதிக் குழப்பம் அந்தத் தொகையில்தான் ஆரம்பிக்கிறது. அமெரிக்கன் ஃபுட்பால் பார்க்கும் நண்பர்களும், அலுவலக ஃபேன்டசி லீக்கில் சேரப்போய் இதற்குள் விழுந்தவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். தொகைகள் கோடி டாலரில். 1 கோடி என்றால் 10 மில்லியன்.

கேப் என்பது என்ன? அதைத் தாண்டவே முடியாதா?

ஓர் அணி ஒரு லீக் ஆண்டில் தன் வீரர்கள் கணக்கில் எழுதக்கூடிய மொத்தத் தொகைக்கு லீக் வைத்திருக்கும் உச்சவரம்புதான் கேப். 1994-ல் 3.46 கோடி டாலரில் ஆரம்பித்தது, 2025-ல் 27.92 கோடி. லீக்கின் வருமானத்தோடு சேர்ந்து ஏறும், அபூர்வமாக இறங்கவும் செய்யும். 2020-ல் கொரோனாவால் மைதானங்கள் காலியாகக் கிடந்தன. விளைவு, 19.82 கோடியாக இருந்த கேப் அடுத்த ஆண்டு 18.25 கோடிக்கு இறங்கியது. அந்த வருடம் பல அணிகள் வேறு வழியில்லாமல் அனுபவசாலிகளை வெளியே அனுப்பின.

தாண்ட முடியாது. என்பிஏ கூடைப்பந்தில் கூடுதல் வரி கட்டிவிட்டு வரம்பை மீறலாம், இங்கே அந்தக் கதவு கிடையாது. மார்ச் நடுவில் புது லீக் ஆண்டு பிறக்கும்போது கணக்கு வரம்புக்குள் இருந்தாக வேண்டும். மார்ச்சில் இவ்வளவு தலைகள் உருள்வதற்கு முதல் காரணம் இது.

ஐபிஎல்லில் ஒருவரை விடுவித்தால் அவருடைய மொத்தத் தொகையும் பர்ஸுக்குத் திரும்பிவிடுகிறதே. இங்கே ஏன் அப்படி இல்லை?

ஐபிஎல்லில் வீரரின் விலை அந்தந்த ஆண்டுக்கான சம்பளம் மட்டுமே. என்எஃப்எல்லில் கையெழுத்துப் போட்ட அன்றே ஒரு பெருந்தொகை வீரரின் கைக்குப் போய்விடுகிறது. இதுதான் சைனிங் போனஸ். பணம் முதலில் போனாலும், கேப் கணக்கில் அதை ஒப்பந்த ஆண்டுகளுக்குச் சமமாகப் பிரித்து எழுத அனுமதி உண்டு, அதிகபட்சம் ஐந்து ஆண்டுகள். வீரர் நடுவில் போய்விட்டால், இன்னும் எழுதாத மிச்சம் முழுவதும் உடனே கணக்கில் வந்து உட்காரும். அதற்குத்தான் டெட் மணி என்று பெயர்.

கற்பனையாக ஒரு வீரரை வைத்துப் பார்ப்போம். ஐந்தாண்டு ஒப்பந்தம், சைனிங் போனஸ் 2.5 கோடி. ஆண்டுக்கு 50 லட்சம் வீதம் கணக்கில் ஏறும். மூன்று ஆண்டு ஆடிவிட்டார். நான்காம் ஆண்டு அடிப்படைச் சம்பளம் 1.4 கோடி, அதற்கு கேரண்டி இல்லை, அதாவது அவரை விடுவித்தால் அதைத் தர வேண்டியதில்லை. அவர் அணியில் நீடித்தால் அந்த ஆண்டுக் கணக்கு 1.4 கோடியும் 50 லட்சமும் சேர்ந்து 1.9 கோடி.

மார்ச்சில் அவரை அனுப்பினால் 1.4 கோடி மறைந்துவிடும். ஆனால் நான்காம் ஆண்டின் 50 லட்சமும் ஐந்தாம் ஆண்டின் 50 லட்சமும் சேர்ந்து 1 கோடியாக இந்த ஆண்டிலேயே வந்து நிற்கும். 1.9 கோடி போய் 1 கோடி வந்தது. மிச்சம் 90 லட்சம். "1.9 கோடி வீரரை வெட்டினார்கள்" என்று தலைப்பு வரும், கையில் கிடைப்பது அதில் பாதிகூட இல்லை.

அப்படியானால் டெட் மணி ஓர் அபராதமா?

இல்லை. என்றைக்கோ கொடுத்த பணத்துக்கு எழுத வேண்டிய கணக்கைத் தள்ளிப்போட்டோம், இப்போது எழுதுகிறோம், அவ்வளவுதான். மேலே சொன்ன வீரர் ஐந்து ஆண்டும் இருந்திருந்தாலும் அந்த 2.5 கோடி முழுவதும் கேப்பில் ஏறியே தீரும். விடுவிப்பதால் எழுதும் நேரம்தான் மாறுகிறது. டெட் மணி பெரிதாக இருந்தால் திட்ட வேண்டியது ஒப்பந்தம் போட்டவரை. வெட்டியவரைத் திட்டிப் பயனில்லை, பெரும்பாலும் இருவரும் அணியில் ஆள் எடுப்பதையும் விடுவதையும் தீர்மானிக்கும் ஒரே ஜெனரல் மேனேஜர்தான் என்றாலும்.

ரஸ்ஸல் வில்சனுக்கு டென்வர் 8.5 கோடி டாலர் கொடுத்து அனுப்பியது என்கிறார்களே?

எல்லாரும் கேட்பது, எல்லாரும் தப்பாகப் புரிந்துகொள்வது. கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

வில்சன் ஒரு குவார்ட்டர்பேக், அதாவது பந்தை வீசி அணியின் தாக்குதலை நடத்துபவர். 2022 மார்ச்சில் சியாட்டில் அணியிடமிருந்து அவரை வாங்கிய டென்வர் பிராங்கோஸ், செப்டம்பரில், அவர் அந்த அணிக்கு ஓர் ஆட்டம்கூட ஆடுவதற்கு முன்பே, ஐந்தாண்டு நீட்டிப்பு கொடுத்தது. சைனிங் போனஸ் 5 கோடி, 2022 முதல் ஆண்டுக்கு 1 கோடி. 2023-ல் 2 கோடி ஆப்ஷன் போனஸ். ஆப்ஷன் போனஸும் சைனிங் போனஸ் மாதிரியே பிரிந்து ஏறும், ஆண்டுக்கு 40 லட்சம்.

2024 மார்ச்சில் விடுவித்தபோது எழுதாத மிச்சம் முதல் போனஸில் 3 கோடி, இரண்டாவதில் 1.6 கோடி. இவற்றோடு 2024-க்கு ஏற்கெனவே கேரண்டி கொடுத்திருந்த 3.9 கோடி. மூன்றையும் கூட்டினால் 8.5 கோடி. இதில் 4.6 கோடி வில்சனின் வங்கிக் கணக்குக்குப் போய் வெகுநாளாகிவிட்டது. புதிதாகக் கொடுக்க வேண்டியிருந்தது 3.9 கோடி மட்டுமே.

அதிலும் ஆஃப்செட் என்ற விதி இருந்தது. வேறு அணியில் அவர் சம்பாதிப்பது கழித்துக்கொள்ளப்படும். வில்சன் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸில் குறைந்தபட்சச் சம்பளமான 12.1 லட்சத்துக்குச் சேர்ந்தார். அதிகம் கேட்டாலும் அவருக்கு லாபமே இல்லை. பிட்ஸ்பர்க் எவ்வளவு அதிகம் கொடுத்தாலும் அந்த அளவுக்கு டென்வரின் பாரம்தான் குறையும், வில்சனுக்குக் கிடைப்பது அதே 3.9 கோடி. ஆகவே ஸ்டீலர்ஸுக்கு ஒரு குவார்ட்டர்பேக் கிட்டத்தட்ட இலவசமாகக் கிடைத்தார், சம்பளத்தின் பெரும்பகுதியை டென்வர் கட்டியது.

இன்னொரு வேடிக்கை. வில்சன் அணியிலேயே இருந்திருந்தால் 2024 கேப்பில் அவர் கணக்கு 3.54 கோடி. வெளியே அனுப்பியதால் அது 5.3 கோடி ஆனது. 8.5 கோடியில் மீதி 3.2 கோடி அடுத்த ஆண்டுக்குப் போனது, எப்படி என்பது கீழே ஜூன் 1 கேள்வியில்.

கூடுதலாகச் செலவாகும் என்று தெரிந்தும் ஏன் அனுப்ப வேண்டும்?

2025-க்கான 3.7 கோடி சம்பளம் கண்ணெதிரே நின்றது. 2024 லீக் ஆண்டின் ஐந்தாம் நாளில் வில்சன் அணியில் இருந்தால் அந்தத் தொகையும் கேரண்டி ஆகிவிடும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. எழுதாத மிச்சத்தைத் தவிர்க்கவே முடியாது, இன்று இல்லாவிட்டால் நாளை. 3.7 கோடியைத் தவிர்க்க முடியும். அந்த நாளுக்கு முன் அனுப்பினால் போதும்.

ஓர் அணி எடுக்கும் முடிவைப் புரிந்துகொள்ள இந்த ஒரு வித்தியாசம் தெரிந்தால் போதும் என்பேன். "டெட் மணி இவ்வளவு இருக்கிறதே, இவரை எப்படி வெட்டுவார்கள்?" என்று கேட்பது தப்பான கேள்வி. வைத்திருந்தால் இனிமேல் புதிதாக என்ன செலவாகும், அந்தச் செலவுக்கு அவர் ஆட்டம் ஈடாகுமா என்பதுதான் சரியான கேள்வி.

இதே கணக்கு ஆட்டத்துக்குள்ளும் நுழைந்தது. 2023 சீசனின் கடைசி இரண்டு ஆட்டங்களில் வில்சனை உட்கார வைத்தார்கள். அவர் பலமாக அடிபட்டு மார்ச்சில் உடல்தகுதிச் சோதனையில் தேறாமல் போனால் அதே 3.7 கோடி காயத்தின் பெயரில் கேரண்டி ஆகியிருக்கும். அந்த ஏற்பாட்டை மாற்றிக்கொள்ளச் சொல்லி சீசன் நடுவிலேயே அணி தன்னிடம் கேட்டதாக வில்சனே செய்தியாளர்களிடம் சொன்னார்.

ஜூன் 1 என்று ஏதோ தேதி சொல்கிறார்களே?

ஜூன் 1-க்குப் பிறகு விடுவித்தால் இந்த ஆண்டுக்கான போனஸ் பங்கு மட்டும் இந்த ஆண்டில், மீதி அடுத்த ஆண்டில். நம் கற்பனை வீரருக்கு 50 லட்சம் இப்போது, 50 லட்சம் அடுத்த வருடம். இந்த ஆண்டின் மிச்சம் 90 லட்சத்திலிருந்து 1.4 கோடி ஆகிவிடும்.

ஜூன் வரை வீரரைக் காக்க வைத்தால் மற்ற அணிகளில் காசும் இடமும் தீர்ந்துவிடும். ஆகவே ஓர் அணி ஆண்டுக்கு இரண்டு பேரை மார்ச்சிலேயே விடுவித்து, "இதை ஜூன் 1-க்குப் பிந்தையதாக எடுத்துக்கொள்ளுங்கள்" என்று குறிக்கலாம். வீரர் அன்றே சுதந்திரம். அணிக்கு மட்டும் ஒரு சிக்கல் உண்டு. ஜூன் 2 வரை அவருடைய பழைய கேப் தொகை முழுவதும் புத்தகத்தில் கிடக்கும். மார்ச்சில் புது வீரர்களை வாங்க அந்த இடம் உதவாது. மிஞ்சிப்போனால் டிராஃப்ட்டில் (அணிகள் வரிசையாகப் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில்) எடுத்த பையன்களுக்குச் சம்பளம் போடவும், சீசன் நடுவில் ஆள் தேவைப்பட்டால் எடுக்கவும் உதவும்.

டென்வர் இதைத்தான் செய்தது: 2024-ல் 5.3 கோடி, 2025-ல் 3.2 கோடி. 2025-ல் நியூயார்க் ஜெட்ஸ் தன் குவார்ட்டர்பேக் ஆரன் ராஜர்ஸை அனுப்பியபோதும் இதே வழிதான். 4.9 கோடியில் 1.4 கோடி அந்த ஆண்டுக்கு, 3.5 கோடி 2026-க்கு. ரசிகர்கள் இந்த ஜூன் 1 விஷயத்தை ஏதோ மந்திரம் மாதிரி பேசுவார்கள். ஒரு ரூபாய்கூட குறையாது, அடுத்த வருடத்தின் தலையில் கட்டுகிறார்கள், அவ்வளவே.

ரீஸ்ட்ரக்ச்சர் என்கிறார்களே, அது வீரர் சம்பளத்தைக் குறைத்துக்கொள்வதா?

இல்லவே இல்லை. அவருக்கு ஒரு டாலரும் குறையாது, சொல்லப்போனால் முன்னாடியே கைக்கு வரும். இந்த ஆண்டுச் சம்பளத்தை போனஸாக மாற்றிக் கையில் கொடுத்துவிட்டு, கணக்கை வரும் ஆண்டுகளுக்குப் பிரித்து எழுதுவார்கள். இந்த ஆண்டு கேப் இளைக்கும், பின்னால் வரும் ஆண்டுகள் கொழுக்கும். நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் இதை வருடாவருடம் சடங்கு மாதிரி செய்து பேர் வாங்கிய அணி.

25 வயது நட்சத்திரத்துக்கு இதைச் செய்வதில் தப்பில்லை. கேப் ஏறிக்கொண்டே போகிறது, இன்றைய 1 கோடி நாளைக்கு லேசாகத் தெரியும். முப்பதைத் தாண்டிய ஒருவருக்கு மூன்று வருடம் தொடர்ந்து செய்தால், முழங்கால் போன பிறகு அவரை வெளியே அனுப்பவும் முடியாது, ஆட வைக்கவும் முடியாது. மூத்த வீரர்களின் டெட் மணி பூதாகரமாக நிற்கும் இடங்களில் பெரும்பாலும் இப்படி ஒரு வரலாறு இருக்கும்.

சம்பளக் குறைப்பு தனி. "1.4 கோடிக்குப் பதில் 70 லட்சத்துக்கு ஆடுகிறாயா, இல்லை கிளம்புகிறாயா?" என்று கேட்பது அது. கேரண்டி இல்லாத ஆண்டில் மூத்த வீரருக்கு வரும் இந்தப் பேச்சு, பாதி நேரம் செய்தியாகக்கூட வெளியே வராது.

விடுவிக்காமல் வேறு அணிக்கு மாற்றிவிட்டால் தப்பிக்கலாமா?

போனஸ் மிச்சத்திலிருந்து தப்ப முடியாது. கொடுத்த அணியின் கணக்கிலேயே அது நிற்கும். இனி வரவேண்டிய சம்பளம் புது அணியின் பொறுப்பு. 2022-ல் அட்லான்டா ஃபால்கன்ஸ் தன் குவார்ட்டர்பேக் மேட் ரையனை இண்டியானாபோலிஸ் கோல்ட்ஸுக்கு அனுப்பியபோது அட்லான்டாவின் டெட் மணி 4 கோடியைத் தாண்டியது. அன்றைக்கு அது சாதனை.

வீரரே ஓய்வு பெற்றால்?

கேப் கணக்கு விடுவிப்பைப் போலத்தான். ஆனால் அவர் தன் விருப்பத்தில் விலகுவதால், ஆடாத ஆண்டுகளுக்கான போனஸைத் திருப்பிக் கேட்க அணிக்கு உரிமை உண்டு. 2019 ஆகஸ்டில், சீசன் தொடங்க இரண்டு வாரம் இருக்கும்போது, 29 வயதில் கோல்ட்ஸின் குவார்ட்டர்பேக் ஆண்ட்ரூ லக் விலகினார். கோல்ட்ஸ் 2 கோடிக்கு மேல் திரும்பக் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. எல்லா அணியும் இவ்வளவு பெருந்தன்மையாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

டாம்பா பே அணியின் குவார்ட்டர்பேக் டாம் பிரேடி கதை வேறு. அவர் ஒப்பந்தத்தில் வாய்ட் இயர்ஸ் எனப்படும் போலி ஆண்டுகள் இருந்தன. அந்த ஆண்டுகளில் அவர் ஆடப்போவதில்லை என்று இரண்டு தரப்புக்கும் தெரியும், போனஸைப் பரப்பி எழுத மட்டுமே அவை. 2023-ல் அவர் ஓய்வு பெற்றதும் டாம்பா பே தலையில் 3.5 கோடி விழுந்தது. அவர் வந்த முதல் சீசனிலேயே லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை ஜெயித்துக் கொடுத்திருந்தார், அதனால் அந்த ஊரில் யாரும் பெரிதாக முணுமுணுக்கவில்லை.

ஏன் மார்ச்சிலேயே? ஆகஸ்ட்வரை பொறுத்துப் பார்க்கக் கூடாதா?

சில சமயம் பொறுப்பார்கள், அது வீரருக்குக் கொடுமை. மார்ச்சில் 32 அணிகளிடமும் காசு இருக்கும். ஆகஸ்ட் கடைசியில் வெளியே வந்தால் குறைந்தபட்சச் சம்பளமும் ஒரு கும்பிடும்தான். இதைத் தெரிந்த ஏஜென்ட்கள் லீக் ஆண்டின் முதல் சில நாட்களில் ஒரு ரோஸ்டர் போனஸையோ (அன்று அணியில் இருந்தால் கிடைக்கும் போனஸ்) கேரண்டி தேதியையோ வைத்துவிடுவார்கள். வைத்துக்கொள்வதா விடுவதா என்று அணி அன்றைக்கே முடிவெடுத்தாக வேண்டும்.

கோல்ட்ஸின் குவார்ட்டர்பேக்காக இருந்த பெய்டன் மேனிங் விஷயம் அப்படித்தான். கழுத்து அறுவை சிகிச்சையால் 2011 சீசன் முழுவதும் ஆடவில்லை. 2012 மார்ச் 8-ல் அவருக்கு 2.8 கோடி போனஸ் தர வேண்டியிருந்தது. மார்ச் 7 அன்று கோல்ட்ஸ் விடுவித்தது. அடுத்த மாதம் டிராஃப்ட்டின் முதல் ஆளாக ஆண்ட்ரூ லக்கை எடுத்தார்கள். மேனிங் டென்வர் போய் ஒரு சூப்பர் பவுல் வென்றார். தேதி அவருக்கும் உதவியது என்றே சொல்ல வேண்டும்.

மூத்த வீரர்களுக்குத் தனிச் சலுகை ஏதாவது உண்டா?

நான்கு சீசன் சேர்த்தவரை வெஸ்டட் வெட்டரன் என்பார்கள். இளையவரை விடுவித்தால் வெய்வருக்குப் போவார். வேறு அணி கேட்டுவிட்டால் அதே ஒப்பந்தத்தோடு அங்கே போயாக வேண்டும். வெட்டரன் நேராகச் சுதந்திரம், விரும்பிய இடத்துக்குப் போகலாம். சீசன் நடுவில், அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்வதற்கான டிரேட் கெடு முடிந்த பிறகு மட்டும் அவரும் வெய்வருக்குள் வருவார்.

இன்னொன்று, முதல் வார ஆட்டத்துக்கான பட்டியலில் இருந்துவிட்டு அப்புறம் வெட்டப்பட்டால், அந்த சீசனின் மிச்சச் சம்பளத்தைக் கேட்டு வாங்கலாம். வாழ்நாளில் ஒரு முறை. நல்ல எண்ணத்தில் கொண்டுவந்த விதி, நடைமுறையில் அணிகள் சில மூத்த வீரர்களை முதல் வாரம் வீட்டில் உட்கார வைத்துவிட்டு, இரண்டாம் வாரம் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்குகின்றன.

காயம்பட்டவரை விடுவிக்க முடியுமா?

ஆட்டத்திலோ பயிற்சியிலோ அடிபட்டுக் கிடப்பவரை அந்த சீசனில் சும்மா அனுப்ப முடியாது. குணமாகும்வரை சம்பளம் தர வேண்டும், அல்லது எத்தனை வாரத்துக்கு என்று பேசித் தீர்க்க வேண்டும். அந்தத் தொகையும் கேப்பில் ஏறும்.

ஒருவரை விடுவித்தால் கேப்பில் இவ்வளவு மிச்சம் என்று செய்தியில் போடும் தொகை அப்படியே கிடைக்குமா?

பெரிய ஒப்பந்தங்களில் கிட்டத்தட்ட கிடைக்கும். சின்னதில் ஏமாற்றும். சீசன் இல்லாத மாதங்களில் அதிகச் சம்பளம் வாங்கும் 51 பேர் மட்டுமே கணக்கில் வருவார்கள். ஒருவர் போனால் 52-ஆம் ஆள் உள்ளே வருவார். 2025-ல் புது வீரரின் குறைந்தபட்சச் சம்பளமே 8.4 லட்சம். ஆகவே "15 லட்சம் மிச்சம்" என்றால் உண்மையில் ஏழு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதற்காக பத்து வருடம் ஆடிய ஒருவரை அனுப்புகிறார்கள் என்றால் காரணம் கேப்பில் இல்லை, கோச் அவர்மேல் நம்பிக்கை இழந்துவிட்டார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

இவ்வளவு டெட் மணி இருந்தால் அந்த அணி எழுந்திருக்கவே முடியாதா?

டென்வரையே பாருங்கள். 2024-ல் வில்சனுக்காக 5.3 கோடி கேப்பில் கிடந்தது. அதே ஆண்டு 12-ஆவது ஆளாக டிராஃப்ட்டில் எடுத்த போ நிக்ஸை ஆட வைத்து, 10 வெற்றி 7 தோல்வியோடு பிளேஆஃபுக்குப் போனார்கள். 2015 சீசனுக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. முதல் ஒப்பந்தத்தில் இருக்கும் குவார்ட்டர்பேக்குக்கு ஆகும் செலவு, அந்த இடத்தில் ஒரு நட்சத்திரத்துக்குக் கொடுப்பதில் சிறு பங்கு. புதைகுழியை மூடியது அந்த வித்தியாசம்தான். இளம் குவார்ட்டர்பேக் கிடைக்காமல், டெட் மணியைச் சமாளிக்க மற்றவர்களையும் ரீஸ்ட்ரக்ச்சர் செய்துகொண்டே போகும் அணிக்கு நிலைமை வேறு. அங்கே ஒவ்வொரு மார்ச்சும் போன மார்ச்சைவிட மோசமாக இருக்கும்.

என் அணியின் கணக்கை எங்கே பார்ப்பது?

ஓவர் தி கேப், ஸ்போட்ராக் இரண்டு தளங்களிலும் வீரர்வாரியாகக் கிடைக்கும். அணிகளின் மொத்த நிலவரத்தை வீரர் சங்கமும் வெளியிடுகிறது. வீரரின் பக்கத்தைத் திறந்ததும் கண் டெட் மணி பத்திக்குப் போகும், அதைக் கடைசியில் பாருங்கள். முதலில் அடுத்த ஆண்டுச் சம்பளத்தில் எவ்வளவு கேரண்டி, எந்தத் தேதியில் கேரண்டி ஆகிறது என்று தேடுங்கள். பெரும்பாலும் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரியாக இருக்கும். மார்ச் 15-ஐ ஒட்டிய தேதி போட்டிருந்தால், அவர் பெயர் போட்ட ஜெர்சியை வாங்குவதைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம்.